சிப்பாயின் கால் எலும்பு: படைகள் உடலை அளக்கக் கற்ற கதை

ஒரு படை போருக்குத் தயாரா இல்லையா என்று எப்படிச் சொல்வது? துப்பாக்கி, தோட்டா, லாரி, டீசல் எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் போட்டுவிடலாம். மனிதர்களையும் தலை எண்ணிவிடலாம். ஆனால் அந்தத் தலைகளில் எத்தனை பேரின் முழங்கால் சரியாக இருக்கிறது, எத்தனை பேர் நேற்று ராத்திரி ஒழுங்காகத் தூங்கினார்கள் என்ற கணக்கு எந்த ஸ்டோர் ரிஜிஸ்டரிலும் வராது.

2020 அக்டோபரில் அமெரிக்க ராணுவம் எஃப்.எம். 7-22 என்ற கையேட்டைப் புதுப்பித்து வெளியிட்டது. உடல், உணவு, மனம், ஆன்மிகம், தூக்கம் என்று ஐந்து பிரிவாகச் சிப்பாயின் ஆரோக்கியத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது அது. படைப்பிரிவுக்குள்ளேயே பிசியோதெரபிஸ்ட், உணவு நிபுணர், வலுப்பயிற்சிக் கோச் என்று ஒரு குழு இருக்கும். ஒரு கிரிக்கெட் அணிக்கு இருப்பது மாதிரின்னு வெச்சுக்குங்களேன். செய்திகளில் இதை "விளையாட்டு அறிவியல் ராணுவத்துக்கு வந்துவிட்டது" என்று எழுதினார்கள். கொஞ்சம் பின்னோக்கிப் படித்துப் பார்த்தால் விஷயம் தலைகீழ். விளையாட்டு அறிவியலின் பல சாமான்கள் பாசறையிலிருந்துதான் மைதானத்துக்கே போயிருக்கின்றன. போய், மெருகேறி, திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் போக்குவரத்தைப் பற்றி சில மாதங்களாகச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

கதை ஒரு வீங்கிய பாதத்தில் தொடங்குகிறது. 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நீண்ட அணிவகுப்பு நடை நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அடிபடவில்லை, விழவில்லை, குதிரை மிதிக்கவில்லை. வெறுமனே நடந்தார்கள், கால் வீங்கியது. காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1895-ல் ரோண்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த இரண்டே வருடத்தில், 1897-ல், ஷ்டெகோ என்ற இன்னொரு ராணுவ மருத்துவர் அதே வகை வீங்கிய பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே பாத எலும்பில் விரிசல். 'மார்ச் ஃபிராக்சர்' என்ற பெயர் இப்படி வந்ததுதான். இன்று மாரத்தான் ஓடுபவர்களும் வேகப்பந்து வீச்சாளர்களும் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்று சொல்லிப் பல மாதம் ஓய்வெடுக்கிறார்களே, அதன் முதல் நோயாளிகள் சிப்பாய்கள்.

அதே ஜெர்மனியில், பெர்லினில், நாதன் சுண்ட்ஸ் என்ற உடலியலாளர் வேறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் எவ்வளவு எடை சுமந்து எவ்வளவு தூரம் நடக்கலாம்? டிரெட்மில்லை உடலியல் ஆய்வுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பது வேறு, வெளியே பூட்ஸ் போட்டு நடப்பது வேறு அல்லவா? அதனால் முதுகில் மாட்டிக்கொள்ளும் வாயு அளவிக் கருவியை உருவாக்கினார். ஷும்பர்க் என்ற ராணுவ மருத்துவரோடு சேர்ந்து, ராணுவ மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைச் சுமார் 22 கிலோவிலிருந்து 31 கிலோ வரை வெவ்வேறு சுமைகளோடு நடக்கவிட்டு, மூச்சு, நாடி, உடல் சூடு, வியர்வை எல்லாவற்றையும் குறித்தார்கள். 1901-ல் அது புத்தகமாக வந்தது. ஒரே ஆளிடம் பல அளவைகளை ஒன்றாக எடுத்து, அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று பார்ப்பது என்ற வேலை அப்போதே நடந்திருக்கிறது. இன்று கையில் கட்டும் கருவியும் இதையேதான் செய்கிறது. கருவி சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து நாம் போக வேண்டிய இடம் அமெரிக்கா. 1927-ல் ஹார்வர்டில் ஒரு ஆய்வுக்கூடம் திறந்தார்கள். பெயர் ஹார்வர்ட் ஃபட்டீக் லேபரட்டரி, அதாவது சோர்வு ஆய்வுக்கூடம். அது மருத்துவக் கல்லூரியில் இல்லை. பிசினஸ் ஸ்கூலில், மார்கன் ஹால் என்ற கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது! தொழிற்சாலைத் தொழிலாளி ஏன் சோர்ந்துபோகிறான் என்று தெரிந்தால் உற்பத்தி கூடுமே என்ற யோசனை. லாரன்ஸ் ஹெண்டர்சன் என்ற உயிர்வேதியியலாளரின் திட்டம் அது, நடத்தியவர் டேவிட் புரூஸ் டில்.

இந்தக் கூடத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு பிரமிப்பு. இவர்களுக்கு எல்லைக்கோடு என்பதே கிடையாது. பாஸ்டன் மாரத்தானை ஏழு முறை வென்ற கிளாரன்ஸ் டிமார் என்ற ஓட்டக்காரரை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். அவர் அச்சகத் தொழிலாளி. மற்றவர்களின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் எகிறும் வேகத்தில் டிமாரின் ரத்தம் கிட்டத்தட்ட ஓய்வில் இருப்பவரின் ரத்தம் போலவே இருந்தது. 1932 கோடையில் நெவாடா பாலைவனத்தில் ஹூவர் அணை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களிடம் போனார்கள். முந்தைய கோடையில் அங்கே வெயிலில் தொழிலாளர்கள் செத்திருந்தார்கள். வியர்வையைச் சேகரித்து அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். வெயிலுக்குப் பழகப் பழக வியர்வையில் போகும் உப்பு குறைகிறது என்பது தெரிந்தது. 1935-ல் சிலி நாட்டு ஆண்டீஸ் மலையில் ஏறி, உயரத்தில் உடல் என்ன செய்கிறது என்று தங்கள் உடம்பிலேயே பரிசோதித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ஆன்செல் கீஸ். பின்னால் கே-ரேஷன் என்ற போர்க்களச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும், மின்னசோட்டா பட்டினி ஆய்வுக்கும் பெயர் பெற்றவர் அவர்தான்.

இத்தனை பேரை அளந்து அவர்கள் வந்துசேர்ந்த முடிவு என்ன? சோர்வு என்று ஒரு தனி வஸ்து இல்லை. மாரத்தான் ஓட்டக்காரரின் சோர்வு வேறு, பாலைவனத் தொழிலாளியின் சோர்வு வேறு, மலையேறியின் சோர்வு வேறு. உடலுக்குள் ஒரு சமநிலை இருக்கிறது, அது எங்கே எப்படிக் குலைகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் வெவ்வேறு. அதனால் ஒரே எண்ணில் சோர்வை அளந்துவிட முடியாது. சர்வர் மானிட்டரிங் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்று யாராவது போன் பண்ணினால் அது சிபியுவா, மெமரியா, டிஸ்க்கா, நெட்வொர்க்கா என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாதே.

வேடிக்கை என்னவென்றால், ஒரே எண்ணில் அளக்க முடியாது என்று கண்டுபிடித்த அதே கூடத்திலிருந்துதான் உலகத்திலேயே மிகப் பிரபலமான ஒற்றை எண் பரிசோதனையும் வெளியே வந்தது. உலகப்போர் வந்துவிட்டது. லட்சக்கணக்கான இளைஞர்கள் படையில் சேருகிறார்கள். ஒவ்வொருவரையும் டிரெட்மில்லில் ஏற்றி வாயு சேகரித்துக்கொண்டிருக்க முடியாது. லூசியன் பிரௌஹா என்ற பெல்ஜியத்துக்காரர் 1943-ல் வெளியிட்ட கட்டுரையில் வந்ததுதான் ஹார்வர்ட் ஸ்டெப் டெஸ்ட். நம் ஊர்ப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. உடற்கல்விப் பாடத்தில்கூட இது இருக்கிறது. பிள்ளைகள் இதைப் படித்து மார்க் வாங்குகிறார்கள், ஆனால் இது ஒரு யுத்தகால அவசரத்தின் குழந்தை என்று பாடத்தில் சொல்வதில்லை.

செய்முறை ரொம்ப எளிது. 20 அங்குல உயரமுள்ள ஒரு பெட்டி அல்லது பெஞ்சு. நிமிடத்துக்கு 30 தடவை ஏறி இறங்க வேண்டும். ஐந்து நிமிடம். முடிந்ததும் உட்கார வைத்து, முதல் நிமிடம் முடிந்தவுடன் அரை நிமிடம், இரண்டாவது நிமிடம் முடிந்தவுடன் அரை நிமிடம், மூன்றாவது முடிந்தவுடன் அரை நிமிடம் நாடி எண்ண வேண்டும். ஏறி இறங்கிய விநாடிகளை நூறால் பெருக்கி, மூன்று நாடி எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உதாரணமாக, ஐந்து நிமிடமும் தாக்குப்பிடித்தால் 300 விநாடி. நாடி எண்ணிக்கை 80, 70, 60 என்றால் கூட்டுத்தொகை 210. 30000-ஐ 420-ஆல் வகுத்தால் 71 சொச்சம். 90-க்கு மேல் பிரமாதம், 80-க்கு மேல் நல்லது, 55-க்குக் கீழே என்றால் தேறாது.

இதில் எனக்குப் பிடித்தது, ஓடும்போது எவ்வளவு வேகமாக இதயம் துடித்தது என்று இது கேட்கவே இல்லை. நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்றுதான் கேட்கிறது. இன்றைய கைக்கடிகாரங்கள் 'ரெக்கவரி' என்று காட்டும் எண்களின் தாத்தா இது. ஒரு பெஞ்சு, ஒரு கடிகாரம், எண்ணத் தெரிந்த ஒரு ஆள். ஒரே மைதானத்தில் நூறு பேரை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம். குட்டையானவர்களுக்கு 20 அங்குலம் அநியாயம் என்பது பின்னால் பலர் சொன்ன குறை, நியாயமான குறையும்கூட. அதனால் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பெஞ்சின் உயரத்தைக் குறைத்தார்கள்.

போர் முடிந்தது. 1947-ல் ஹார்வர்ட் அந்தக் கூடத்தை மூடிவிட்டது. டில் ராணுவ ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். மற்றவர்கள் நாடு முழுக்கப் பல பல்கலைக்கழகங்களுக்குச் சிதறினார்கள். அமெரிக்காவில் உடற்பயிற்சி உடலியல் என்ற துறை வேர்விட்டதற்கு இந்தச் சிதறலும் ஒரு முக்கியக் காரணம். ராணுவம் தன் பங்குக்கு 1961-ல் மாசசூசெட்ஸில் நேடிக் என்ற ஊரில் சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்துக்கொண்டது. இன்றும் இருக்கிறது.

வெயில் விஷயத்துக்கு வருவோம். நம்மளுக்கு நெருக்கமான விஷயம்.

இரண்டாம் உலகப்போர் வரைக்கும் பல படைகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சிப்பாயைப் பழக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் உடம்பு பழகிவிடும் என்று. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் குழு கலிஃபோர்னியப் பாலைவனத்தில் படைகளோடு இருந்து இதைச் சோதித்தது. 1947-ல் வந்த அவர்களின் புத்தகம் சொன்னது நேரடியானது: தண்ணீரில்லாமல் இருக்க உடம்பு பழகவே பழகாது. வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும், ஆள் விழுவார். இன்னொன்றும் சொன்னார்கள். பக்கத்தில் தண்ணீர் இருந்தாலும், உழைக்கும் மனிதன் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை. தாகம் பின்தங்கியே வருகிறது.

1950-களில் தென் கரோலினாவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் பயிற்சி மையத்தில் புதுச் சிப்பாய்கள் வெப்பத்தில் சுருண்டு விழுவது பெரிய தலைவலியாக இருந்தது. தெர்மாமீட்டர் ஒரு எண் காட்டும், ஆனால் அதே எண் உள்ள இரண்டு நாட்களில் ஒரு நாள் யாரும் விழமாட்டார்கள், இன்னொரு நாள் வரிசையாக விழுவார்கள். ஏன் என்று சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. யக்லூ, மினார்ட் இருவரும் சேர்ந்து மூன்று தெர்மாமீட்டர்களை ஒன்றாக்கினார்கள். ஈரத் துணி சுற்றியது, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருப்பது, நிழலில் வைத்த சாதாரணமானது. ஈரத்துணிக்கு 0.7, கறுப்பு உருண்டைக்கு 0.2, சாதாரணத்துக்கு 0.1 என்று எடை போட்டுக் கூட்டினால் வருவதுதான் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற குறியீடு. இந்த எண் ஏற ஏறக் கம்பத்தில் கொடியின் நிறம் மாறும், பயிற்சி குறையும். வெப்பத்தால் விழுபவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ஈரத்துக்கு எழுபது சதவீதம் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் கத்திரி வெயில் செய்தியில் வேலூரில் இத்தனை டிகிரி, சென்னையில் இத்தனை டிகிரி என்று போட்டி போட்டுச் சொல்கிறார்கள். இந்தச் சூத்திரத்தின்படி கடலோர ஊரின் குறைந்த டிகிரி உள்ளூரின் அதிக டிகிரியைவிட ஆபத்தாக இருக்கலாம். உலகக் கோப்பைக் கால்பந்தில் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க விடுகிறார்களே, ஃபிஃபா அதற்கு வைத்திருந்த எல்லை இந்தக் குறியீட்டில் 32 டிகிரி. பாரிஸ் ஐலண்டிலிருந்து வந்த தண்ணீர் அது.

கால்பந்து என்றதும் இன்னொன்று. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை மட்டும் வைத்து அவரது ஆக்சிஜன் உள்வாங்கும் திறனைக் கணிக்கலாம் என்று 1968-ல் காட்டினார். 115 விமானப்படை ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு. அதைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனவர் கிளாடியோ கோட்டினோ என்ற ராணுவ கேப்டன். 1970 உலகக் கோப்பையை வென்ற பெலேயின் அணியை மெக்சிகோவின் உயரத்துக்குத் தயார் செய்த உடற்பயிற்சிக் குழுவில் அவர் இருந்தார். பிரேசில் என்றால் சாம்பா, மந்திரக் கால்கள் என்று பேசுகிறோம். பின்னால் ஒரு விமானப்படை டெஸ்ட் இருந்ததைப் பேசுவதில்லை.

இந்தியாவுக்கு உயரம் என்பது விளையாட்டு விஷயமாக வரவில்லை. 1962-ல் சமவெளியிலிருந்து அவசரமாக, பலர் பருத்திச் சீருடையோடு, இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குண்டு படாமலேயே நுரையீரலில் நீர் கோத்து விழுந்தார்கள். டெல்லியில் டிபாஸ் என்ற பாதுகாப்பு உடலியல் ஆய்வு நிறுவனம் உருவானதும் அதே 1962-ல்தான். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 சிப்பாய்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட மலைநோய்க் கட்டுரையை உயர மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்று நம் ராணுவத்தில் 9,000 அடிக்கு மேலே ஆறு நாள், 12,000 அடிக்கு மேலே நான்கு நாள், 15,000 அடிக்கு மேலே இன்னும் நான்கு நாள் என்று படிப்படியாகத் தங்கித்தான் ஏற வேண்டும். லடாக்குக்கு விமானத்தில் போய் இறங்கியவுடன் பைக் எடுக்கும் நம் சுற்றுலாப் பயணிகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இப்போது மறுபடி அந்த வீங்கிய பாதத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுவது இதுதான்.

எலும்பு கல் இல்லை. பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும் உயிருள்ள திசு. திடீரென்று சுமை கூடினால் உடம்பு அந்த எலும்பைப் பலப்படுத்த முடிவு செய்யும். ஆனால் முதலில் தோண்டும், பிறகுதான் கட்டும். தோண்டுவது வேகம், கட்டுவது மெதுவு. மாநகராட்சி சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு புதுத் தார் போடுவதற்குள் அதே ரோட்டில் லாரிகளை விட்டால் என்ன ஆகும்? பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் புதுச் சிப்பாயின் காலில் அதுதான் ஆகிறது. முன்பு ஓடாமல் இருந்தவராக இருந்தால் இன்னும் மோசம்.

1983-ல் இஸ்ரேல் ராணுவத்தில் 295 புதுக் காலாட்படை வீரர்களைப் பயிற்சி முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 31 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்! எதிரியே இல்லாமல், சொந்தப் பயிற்சியிலேயே. மில்க்ரோம், ஃபைன்ஸ்டோன் என்ற எலும்பு மருத்துவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு கால் நூற்றாண்டு போராடினார்கள். ஷூவை மாற்றிப் பார்த்தார்கள், ஷூவுக்குள் வைக்கும் அட்டையை மாற்றிப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் அவர்கள் எழுதிய கணக்கின்படி, பெரிய பலன் தந்தவை இரண்டு. மொத்த நடைத் தூரத்தைக் குறைத்தது ஒன்று. இன்னொன்று, ராத்திரியில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டும் சேர்ந்து முறிவுகளை 60 சதவீதத்துக்கு மேல் குறைத்தன.

தூக்கம்! காலுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பழைய சுபேதார் கேட்டிருப்பார். தூங்கவிடாமல் அடிப்பதுதான் ஆளை இரும்பாக்கும் என்பது எல்லா நாட்டுப் பாசறையிலும் இருக்கும் வேதம். அந்த இரும்பில்தான் விரிசல் விழுந்துகொண்டிருந்தது.

அமெரிக்க மரைன்களிடம் 1990-களில் நடந்தது இன்னும் தெளிவானது. 12 வாரப் பயிற்சியில் ஒரு குழு மொத்தம் 55 மைல் ஓடியது, இன்னொன்று 41 மைல், மூன்றாவது 33 மைல். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் நூற்றுக்கு 3.7, 2.7, 1.7 என்று இறங்கியது. சரி, குறைவாக ஓடியவர்கள் மந்தமாகிவிட்டார்களா? கடைசி மூன்று மைல் ஓட்டத் தேர்வில் அதிகம் ஓடிய குழுவுக்கும் குறைவாக ஓடிய குழுவுக்கும் வித்தியாசம் சுமார் அரை நிமிடம். அதாவது அந்தக் கூடுதல் 22 மைல் வாங்கித் தந்தது அரை நிமிடம், கொடுத்த விலை இருமடங்குக்கு மேல் எலும்பு முறிவு. பயிற்சியில் முறிந்தவர் பல மாதம் பின்தங்குவார், சிலர் படையை விட்டே போவார். தயார்நிலை என்ற பெயரில் தயார்நிலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் ராட்னி போப் என்பவரும் குழுவினரும் 1,538 புதுச் சிப்பாய்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் கொடுத்தார்கள். 2000-ல் வந்த முடிவு: காயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. ஜிம்மில் கோச் இன்றும் அதைச் செய்யச் சொல்வார், செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி சோதனையை இவ்வளவு பெரிய அளவில் எந்த கிளப்பாலும் நடத்த முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்கள், ஒரே சாப்பாடு, ஒரே ஷூ, ஒரே நேர அட்டவணை. தரவு பார்ப்பவனுக்கு இது சொர்க்கம். விளையாட்டு மருத்துவம் ராணுவத்துக்குப் பட்ட பெரிய கடன் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே சொர்க்கத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மாரத்தான் ஓட்டக்காரர் கால் வலித்தால் நின்றுவிடலாம். ரெக்ரூட் நிற்க முடியாது.

2013 ஜூலை 13. வேல்ஸில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலை. பிரிட்டனின் சிறப்புப் படையின் ரிசர்வ் பிரிவுக்கான தேர்வு நடை, 26 கிலோமீட்டர், முதுகில் சுமை, அந்த வருடத்தின் மிக வெப்பமான நாட்களில் ஒன்று. மூன்று பேர் செத்துப்போனார்கள். இருவர் அன்றே மலையில், ஒருவர் இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில். ஒவ்வொருவரிடமும் ஜி.பி.எஸ். டிராக்கர் இருந்தது. திரையில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளி நகராமல் நின்றது, நேரம் போய்க்கொண்டே இருந்தது, கீழே இருந்தவர்கள் கவனிக்கவில்லை. ஒருவர் நகராமல் நின்றால் எச்சரிக்கும் வசதி அந்த அமைப்பில் செயல்பாட்டில் இல்லை. வெப்பத்தில் பயிற்சி பற்றி ராணுவத்தின் எழுத்துபூர்வமான வழிகாட்டி இருந்தது. டபிள்யூ.பி.ஜி.டி. வந்து அரை நூற்றாண்டு தாண்டியிருந்தது. 2015-ல் மரண விசாரணை அதிகாரி, அலட்சியம் இந்தச் சாவுகளுக்குப் பங்களித்தது என்றும், முதலில் ஆட்கள் வெப்பத்தால் விலகியபோதே நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கமான காட்சி உண்டு. சுவரில் பெரிய டேஷ்போர்டு மாட்டியிருக்கும், பச்சையும் சிவப்புமாக மின்னும். விசிட்டர் வந்தால் காட்டுவோம். அலாரம் யாருக்குப் போக வேண்டும், போனால் அவருக்கு எதை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. எங்களுக்கு அதிகபட்சம் ஒரு வெப்சைட் படுக்கும். அங்கே படுத்தது மூன்று பேர்.

அதே 2013-ல் நேடிக் நிறுவனத்தின் மார்க் புல்லர் குழு ஒரு அழகான வேலையை வெளியிட்டது. உடலின் உள் வெப்பத்தை அளக்க வேண்டுமானால் தெர்மாமீட்டர் மாத்திரையை விழுங்க வைக்க வேண்டும், அல்லது இன்னும் சங்கடமான வழிகள். ஒரு பட்டாளத்துக்கே அதைச் செய்ய முடியாது. இவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் எடுத்த இதயத்துடிப்பை மட்டும் வைத்து, கால்மன் ஃபில்டர் போட்டு, உள் வெப்பத்தைக் கணித்தார்கள். ராக்கெட் வழிகாட்டலுக்குப் பயன்படும் அதே கணிதம். பொறியியல் கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்த எவருக்கும் கட்டுரையைப் படித்தால் வாய் பிளக்கும். சில வரி கோடு. ஆனால் அதுவும் ஒரு எண்தான். அந்த எண் எல்லையைத் தாண்டும்போது 'நிறுத்து' என்று சொல்ல ஒருவர் வேண்டும், சொன்னால் அவர் பதவிக்கு ஆபத்து வரக்கூடாது.

அளப்பவற்றைப் பத்திரமாக வைப்பது இன்னொரு தலைவலி. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்கள் உலகம் முழுக்க ஓடிய பாதைகளை ஒரு வெப்பப் படமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருட்டான பாலைவனங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சதுரங்கள் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவரையொட்டிச் சிப்பாய்கள் தினமும் ஓடிய தடம். உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கட்டிய கடிகாரம் முகாமின் வரைபடத்தையே வரைந்து கொடுத்துவிட்டது. அந்த ஆகஸ்டில் பென்டகன், களப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் கருவிகளுக்குத் தடை போட்டது.

இதைவிட அமைதியான ஒரு கேள்வி உள்ளுக்குள் இருக்கிறது. ஒரு விளையாட்டு வீரரின் தூக்கக் கணக்கு கோச்சுக்குப் போனால் மேட்ச்சில் உட்கார வைப்பார். சிப்பாயின் தூக்கக் கணக்கு கமாண்டருக்குப் போனால்? பதவி உயர்வில் கை வைக்குமா, கோழை என்று பெயர் வருமா? அப்படி ஒரு பயம் வந்த மறுநாளே கடிகாரம் மேசை மேல் கிடக்கும், இல்லையென்றால் நன்றாகத் தூங்கும் நண்பன் கையில் இருக்கும். மனிதர்கள் எண்ணை ஏமாற்றுவதில் கில்லாடிகள். 1980-லிருந்து நாற்பது வருடம் அமெரிக்க ராணுவத் தேர்வு என்றால் தண்டால், சிட்-அப், இரண்டு மைல் ஓட்டம் என்ற மூன்றுதான். தேர்வில் வருவது எதுவோ அதைத்தான் சிப்பாய்கள் செய்தார்கள். களத்தில் தேவைப்படுவது தூக்குவதும் இழுப்பதும் சுமப்பதும். 2020-களில் கொண்டுவந்த புதிய தேர்வில் எடை தூக்குவது, ஸ்லெட்ஜ் இழுப்பது எல்லாம் வந்தன. 2025 ஜூனில் அதையும் மறுபடி மாற்றிவிட்டார்கள்.

ஐந்து பிரிவுக் கையேட்டைப் பற்றிய என் கணிப்பு இது. அதில் சொல்லியிருப்பவற்றில் பெரும்பாலானவை மார்கன் ஹால் அடித்தளத்திலும் இஸ்ரேல் பயிற்சி முகாமிலும் முன்பே தெரிந்தவை. புதிதாக இருப்பது, பிசியோதெரபிஸ்டைத் தூரத்து ஆஸ்பத்திரியில் வைக்காமல் படைப்பிரிவுக்குள்ளேயே உட்கார வைத்தது. கால் வலிக்கிறது என்று சொல்லப் பத்து மைல் போக வேண்டியிருந்தால் சிப்பாய் சொல்லமாட்டார், முறிந்த பிறகுதான் போவார். அடுத்த அறையில் ஆள் இருந்தால் ஒருவேளை வலிக்கும்போதே சொல்வார்.

அமெரிக்க ரேஞ்சர் பள்ளியில் 1990-களின் தொடக்கத்தில் நடந்த பட்டினி ஆய்வுகளை இதில் சேர்க்க நினைத்தேன். முதல் ஆய்வில் எட்டு வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 16 சதவீதம் கரைந்துபோனது, சாப்பாட்டைக் கொஞ்சமே கூட்டியதும் தொற்றுநோய்கள் குறைந்தன என்பது தனிக் கதை. டிபாஸ் பற்றிய குறிப்புகளும் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.